வீட்டில் காளான் வளர்க்க எதை வாங்கலாம், எதை வாங்க வேண்டாம்?

காளான் வளர்க்கத் தொடங்கியபோது நான் போட்ட சாமான் பட்டியலில் இருபத்தொரு பொருள்கள் இருந்தன. ஈரப்பதமூட்டி, டிஜிட்டல் ஈரப்பதமானி, வடிகட்டி ஒட்டிய பைகள், ஜிப்சம், தனி விளக்கு, சிறு காற்றாடி என்று அது நீண்டுகொண்டே போனது. வாங்கியதில் பாதிக்கு மேல் பெட்டி பிரிக்காமலே பரணில் ஏறிவிட்டது. இன்று ஒரு சுற்றுக்கு நான் காசு கொடுத்து வாங்குவது மூன்றே பொருள்: வித்து (விதைபோலப் போடும், காளான் இழை ஓடிய தானியம்), பை, ஸ்பிரிட். வைக்கோலுக்குக்கூட பல சமயம் காசு கொடுப்பதில்லை.

‘காளான் வளர்ப்புக்கு’ என்று ஒரு சீட்டு ஒட்டினால் போதும், எந்தச் சாமானும் விலை ஏறிவிடும். அதே வாளி உணவுப்பொருள் அடைத்து வந்து காலியானதாக இருந்தால் சும்மாவே கிடைக்கும். அதே சுண்ணாம்பு கட்டடச் சாமான் விற்கும் இடத்தில் மூட்டையாகக் கிடைக்கும். இந்தத் தொழிலில் மலிவு என்பது பெரும்பாலும் எந்தக் கடையில் கேட்கிறோம் என்பதைப் பொறுத்தது. இதற்கு விலக்கு ஒன்றே ஒன்று, அது வித்து. அதில் மட்டும் மிச்சம் பிடிக்கப் பார்க்காதீர்கள். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

படி 1: வித்தைத் தேடாதீர்கள், கழிவைத் தேடுங்கள்

புதிதாக வருபவர்கள் முதலில் ரகத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அழகான படத்தைப் பார்த்து மயங்கி வித்துக்குச் சொல்லிவிட்டு, பிறகு அது எதில் வளரும் என்று விசாரிக்கிறார்கள். வித்து வீட்டு வாசலில் வந்து இறங்கும், மரத்தூள் கிடைக்காது. வித்தோ உயிருள்ள பொருள், காத்திருக்காது. அவசரத்தில் கேட்ட விலைக்கு எதையோ வாங்க வேண்டியதாகிவிடும்.

தலைகீழாகத் தொடங்குங்கள். உங்கள் வீட்டிலிருந்து நடந்தோ சைக்கிளிலோ போய் எடுத்துவரக்கூடிய தூரத்தில், ஆண்டு முழுக்க, காய்ந்த நிலையில் எந்தத் தாவரக் கழிவு குவிகிறது என்று பாருங்கள். அதுதான் உங்கள் படுக்கை.

வைக்கோல் இருந்தால் வேறெதையும் தேட வேண்டாம். நெல் வைக்கோலும் சரி, கோதுமை வைக்கோலும் சரி, சிப்பிக் காளானுக்கு ஏற்றவை. ஆனால் எல்லா வைக்கோலும் ஒன்றல்ல. பொன்னிறமாக, விறைப்பாக, ஒடித்தால் சத்தம் வரும்படி இருக்க வேண்டும். மழையில் நனைந்து கறுத்தது, கட்டைப் பிரித்ததும் பூசணத் தூள் பறப்பது, புளித்த வாடை அடிப்பது எல்லாம் இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம். அதில் வேறு பூஞ்சைகள் ஏற்கெனவே குடியேறி நம் காளானுக்கான இரையைத் தின்று முடித்திருக்கும். அறுவடைக்கு முன் பூஞ்சைக்கொல்லி தெளித்த வயலா என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். நாம் வளர்க்கப்போவதும் பூஞ்சைதானே.

ஒரு கட்டு கூடுதலாகக் கிடைத்தால் வாங்கி, தரையில் படாமல் பலகை மேல் அடுக்கி, மழை படாமல் மூடி வையுங்கள். அறுவடை முடிந்த கையோடு கிடைக்கும் வைக்கோலுக்கும் பஞ்ச காலத்தில் கிடைப்பதற்கும் விலையில் நிறைய வித்தியாசம் இருக்கும். காய்ந்த வைக்கோல் ஓர் ஆண்டு இருந்தாலும் கெடாது.

மரத்தூள் இருந்தால் இரண்டு கேள்வி கேளுங்கள். என்ன மரம்? முழு மரமா, ஒட்டுப் பலகையா? இலை உதிர்க்கும் கடின மரங்களின் தூள் நல்லது. ஊசியிலை மரங்களில் பிசின் அதிகம், பெரும்பாலான காளான்கள் அதில் தடுமாறும். பிளைவுட், எம்.டி.எஃப். போன்றவற்றை அறுத்த தூளில் பசை இருக்கும். கரையான் மருந்து ஏற்றிய மரமும் உண்டு. உணவுக்காக வளர்ப்பதில் இவை எதுவும் வரக்கூடாது. நாற்காலி, அலமாரி செய்யும் பட்டறைகளில் எல்லாத் தூளும் ஒரே மூட்டையில் கலந்துதான் கிடக்கும். நான் ஒருமுறை அப்படி வாங்கிவந்து, ஒட்டுப் பலகைச் சிலாம்புகளைக் கண்டுபிடித்ததும் மூட்டையோடு கொட்டினேன். மரம் அறுக்கும் வாடியில் கேட்பது பாதுகாப்பு. அடுப்பெரிக்க விற்கும் கடின மரத்தூள் உருண்டைகளும் நல்ல வழிதான்; வெந்நீர் ஊற்றினால் உப்பித் தூளாகிவிடும். எரிவதற்கு உதவும் எண்ணெயோ மெழுகோ சேர்க்காததா என்று மட்டும் மூட்டையில் பார்த்துக்கொள்ளுங்கள்.

காபித் தூளின் சக்கையைப் பற்றி ஒரு எச்சரிக்கை. இலவசமாகக் கிடைக்கும், வெந்நீரில் ஊறியதால் ஓரளவு சுத்தமாகவும் இருக்கும் என்பதால் பலரும் அதில்தான் தொடங்குகிறார்கள். ஆனால் அதில் நைட்ரஜன் அதிகம். நம் காளானுக்குப் பிடிப்பது போலவே பச்சைப் பூசணத்துக்கும் பிடிக்கும். இறக்கிய அன்றே பயன்படுத்த வேண்டும், தனியாகப் பயன்படுத்தாமல் வைக்கோலோடு ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குக் கலந்துகொள்ள வேண்டும். ஒரு வாரச் சக்கையைச் சேர்த்து வைத்துப் பயன்படுத்தலாம் என்று நினைத்தால் பூசணத்தைத்தான் அறுவடை செய்வீர்கள்.

கரும்புச் சக்கை, மக்காச்சோளத் தட்டை, சோளக் கதிரின் சக்கை, பருத்திக் கழிவு, நெளிவுள்ள அட்டைப்பெட்டி எல்லாவற்றிலும் சிப்பிக் காளான் வளரும். அட்டையில் மட்டும் சத்து குறைவு, மகசூலும் அதற்கேற்பத்தான்.

படி 2: ரகம்

இங்கே நீண்ட ஆலோசனை தேவையில்லை. சிப்பிக் காளான். முதல் ஆண்டு முழுக்க இதுவே போதும்.

மொட்டுக் காளான் கடையில் மலிவாகத் தெரிகிறது என்பதால் வளர்ப்பதும் எளிது என்று நினைக்கக்கூடாது. அதற்குப் பக்குவமாகக் கிளறி, வெப்பமேற்றித் தயாரித்த மட்கு உரம் வேண்டும். மேலே மேல்மண் போட வேண்டும். குளிர்ந்த அறை வேண்டும். ஷீடாக்கே என்ற ஜப்பானியக் காளானை மரக்கட்டையில் ஏற்றினால் முதல் அறுவடைக்கு ஆறு மாதமோ ஓர் ஆண்டோ அதற்கு மேலுமோ ஆகும். சிப்பிக் காளான் மரத்தையும் தின்னும், வைக்கோலையும் தின்னும், சிறு தவறுகளை மன்னிக்கும், வித்திட்டதிலிருந்து நான்கைந்து வாரத்தில் தட்டுக்கு வந்துவிடும். முதல் உலகப் போர்க் காலத்துப் பஞ்சத்தில் ஜெர்மனியில் உணவுக்காக மரத்தண்டுகளில் இதை வளர்க்கத் தொடங்கினார்கள். கையில் எதுவும் இல்லாதவர்களுக்கான காளான் என்ற பெயர் அதற்கு அப்போதே பொருந்தும்.

சிப்பியிலும் பல ரகம். உங்கள் அறை வெப்பத்துக்கு ஏற்றதைக் கேட்டு வாங்கினால், அறையைக் குளிரவைக்கவோ சூடாக்கவோ செலவழிக்க வேண்டாம். மின்சாரக் கட்டணத்தில் மிச்சமாகும் இந்தத் தொகைக்கு முன்னால் மற்ற மிச்சங்கள் எல்லாம் சில்லறை. இளஞ்சிவப்புச் சிப்பி 20 முதல் 30 டிகிரி வரை மகிழ்ச்சியாக வளரும், குளிரைத் தாங்காது. சாம்பல் நிறச் சிப்பிகள் பல, குளிர்ந்த இடத்தில்தான் நன்றாக மொட்டு விடும்.

படி 3: வித்து

இங்கேதான் காசைக் கொடுக்க வேண்டும். மிச்சப்படி எல்லாவற்றிலும் நாம் தப்பு செய்தாலும் வீரியமான வித்து ஓடிப் பரவி நம்மைக் காப்பாற்றும். சோர்ந்த வித்தோ, எவ்வளவு சுத்தமாக வேலை செய்தாலும் பூசணத்துக்கு இடம் விட்டுவிடும். வித்தில் மிச்சம் பிடித்த காசு, ஒரு பை கெட்டாலே கரைந்துபோகும்.

வித்து என்பது தானியத்திலோ மரத்தூளிலோ காளானின் இழைகளை வளரவிட்டுத் தருவது. தானிய வித்துதான் வைக்கோலுக்கு ஏற்றது. ஒவ்வொரு மணியும் ஒரு தொடக்கப் புள்ளி. முன்பெல்லாம் குதிரைச் சாணத்தில் வளர்த்த செங்கல் போன்ற கட்டிகளைத்தான் வித்தாக உடைத்துப் போடுவார்கள். தானியத்தில் வளர்க்கும் முறைக்கு 1932-இல் அமெரிக்காவில் ஜேம்ஸ் சிண்டன் காப்புரிமை பெற்றார். இன்று நாம் பையில் வாங்கும் வெள்ளை மணிகள் அந்த வழியில் வந்தவை.

விற்பவரிடம் ‘படுக்கை வித்து’ என்று கேளுங்கள். ‘தாய் வித்து’ என்பது இதைப் பெருக்குவதற்காக வைத்திருக்கும் முந்தைய தலைமுறை. விலை கூடுதல், நேரடியாகப் படுக்கையில் போடுவதால் தனிப் பயன் எதுவும் இல்லை. பெயரைப் பார்த்து அதுதான் உயர்ந்த சரக்கு என்று வாங்கிவிடாதீர்கள்.

கைக்கு வந்ததும் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பை முழுக்கச் சீரான வெண்மை இருக்க வேண்டும். பச்சை, கறுப்பு, ஆரஞ்சு நிறப் புள்ளி ஒன்று தெரிந்தாலும் திருப்பிக் கொடுங்கள். அடியில் வழவழப்பாக நீர் கட்டி, திறந்தால் புளித்த நாற்றம் அடித்தால் அது பாக்டீரியா. மஞ்சள் நீர் தேங்கியிருந்தால் வித்து முதிர்ந்திருக்கலாம், அல்லது உள்ளே எதனுடனோ போராடிக்கொண்டிருக்கலாம். நல்ல வித்தின் மணம் புதுக் காளானின் மணம்தான். தட்டினால் மணி மணியாக உதிர வேண்டும். கல்லாகக் கட்டி, உள்ளேயே குட்டிக் காளான்கள் முளைத்திருந்தால் பழைய சரக்கு. கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை, ஆனால் முழு விலைக்கு வாங்க வேண்டாம்.

தயாரித்த தேதி எழுதாத பையை வாங்காமலிருப்பது நல்லது. வெயில் காலத்தில் பல நாள் பயணத்தில் வரும் வித்தும் ஆபத்து. மூடிய வண்டிக்குள் 40 டிகிரியைத் தாண்டினால் இழைகள் செத்துவிடும். மேலே வெண்மை மட்டும் மிஞ்சியிருக்கும், படுக்கையில் போட்டால் அசையாது. நான் ஒருமுறை தூரத்து விற்பனையாளரிடம் விலை குறைவு என்று கோடையில் தருவித்தேன். பைகள் வாரக் கணக்கில் அப்படியே இருந்தன, பிறகு பச்சையாயின. அருகில் கிடைத்தால் சற்றுக் கூடுதல் விலைக்கும் அருகிலேயே வாங்குவது லாபம்.

எவ்வளவு வாங்குவது? ஈர வைக்கோலின் எடையில் 5 முதல் 10 விழுக்காடு என்பது வழக்கமான அளவு. ஒரு கிலோ காய்ந்த வைக்கோல் ஊறி வடிந்ததும் இரண்டரை முதல் மூன்று கிலோ வரும். அதற்குச் சுமார் 300 கிராம் வித்து என்றால் 10 விழுக்காடு. முதல் சுற்றில் இன்னும் தாராளமாகவே போடுங்கள். வித்து அதிகம் விழுந்தால் வைக்கோல் சீக்கிரம் வெண்மையாகும், பூசணத்துக்கு நேரமே கிடைக்காது. கை பழகிய பிறகு 5 விழுக்காட்டுக்கு இறங்கலாம். மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் அப்போதுதான் வரும்.

பெரிய பையாக வாங்கினால் கிலோவுக்கு விலை குறையும், அனுப்பும் செலவும் பிரிந்துபோகும். இரண்டு மூன்று பேர் சேர்ந்து வாங்குவது புத்திசாலித்தனம், எல்லோரும் ஒரே வாரத்தில் படுக்கை போடத் தயாராக இருந்தால். தயாராக இல்லாதவர் வித்தைக் குளிர்பெட்டியில் 2 முதல் 4 டிகிரியில் சில வாரம் வைத்திருக்கலாம். இளஞ்சிவப்புச் சிப்பியை மட்டும் குளிர்பெட்டியில் வைக்காதீர்கள், செத்துவிடும்.

இலவச வித்து உண்டா என்று கேட்பவர்களுக்கு: உண்டு. சமையலுக்கு வாங்கிய புதுச் சிப்பிக் காளானின் அடித்தண்டை, இழைகள் ஒட்டிய பகுதியோடு வெட்டி எடுத்துவையுங்கள். பளபளப்பான அச்சும் பிளாஸ்டிக் நாடாவும் இல்லாத பழுப்பு அட்டைப்பெட்டியை வெந்நீரில் ஊறவைத்து, அடுக்குகளைப் பிரித்து, நடுவே தண்டுத் துண்டுகளை வைத்துச் சுருட்டி, சிறு துளையிட்ட டப்பாவில் போட்டு நிழலில் வையுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் வெள்ளை இழைகள் அட்டையில் ஓடும். இது நல்ல விளையாட்டு, பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் பிடிக்கும். ஆனால் பாதிக்குப் பாதி கெட்டுப்போகும். இதை நம்பி இருபது கிலோ வைக்கோலை ஊறவைக்க வேண்டாம். காட்டில் பொறுக்கிய காளானை வைத்து இதைச் செய்யவே கூடாது. அடையாளம் உறுதியாகத் தெரிந்த உணவுக் காளான் மட்டும்.

வீட்டிலேயே தானியம் அவித்து வித்தைப் பெருக்குவது பெரிய மிச்சம்தான். பத்துப் புட்டிகளை ஒரு புட்டியிலிருந்து கிளப்பலாம். ஆனால் அதற்கு அழுத்தக் குக்கரும், காற்றசையாத பெட்டியும், கைப்பழக்கமும் வேண்டும். நான்கைந்து சுற்று அறுவடை பார்த்த பிறகு யோசியுங்கள். அப்போதும் தலைமுறை தலைமுறையாகப் பெருக்கிக்கொண்டே போனால் வீரியம் குறையும். அவ்வப்போது புதிதாக வாங்கித்தான் ஆக வேண்டும்.

படி 4: வைக்கோலைச் சுத்தப்படுத்த

வைக்கோலை முழுக்கக் கிருமியற்றதாக்கத் தேவையில்லை, ஆக்குவது நல்லதும் இல்லை. 65 முதல் 80 டிகிரி வெந்நீரில் ஒன்று முதல் ஒன்றரை மணி நேரம் ஊறினால் போட்டியிடும் பூசணங்கள் பெரும்பாலும் சாகும், வெப்பம் தாங்கும் சில நல்ல நுண்ணுயிர்கள் மிஞ்சும். அவை காவலாளி போல இடத்தைப் பிடித்துக்கொண்டு பூசணத்தைத் தள்ளிவைக்கும். எல்லாவற்றையும் கொன்றுவிட்டால் அது ஆளில்லாத வீடு, முதலில் நுழைபவருக்கே சொந்தம்.

இதற்கு வேண்டியது பெரிய பாத்திரம், அடுப்பு, சமையல் வெப்பமானி. வெப்பமானி மட்டும் வாங்குங்கள். பாத்திரம் இல்லாதவர்கள் ஐஸ்பெட்டியைத் தேடுங்கள். பயணத்தில் குளிர்பானம் வைக்க எடுத்துப்போகும் தடித்த மூடி போட்ட பெட்டி. பழையது மலிவாகக் கிடைக்கும். 3 முதல் 5 செ.மீ. நீளத்துக்கு நறுக்கிய வைக்கோலை அதில் திணித்து, கொதிக்கும் நீரை மூழ்கும்வரை ஊற்றி, மேலே பாரம் வைத்து மூடி இரண்டு மூன்று மணி நேரம் விட்டுவிட்டால் தானாகவே வேலை நடக்கும். எரிபொருளும் மிச்சம்.

எரிபொருளே வேண்டாம் என்றால் சுண்ணாம்பு. லிட்டருக்கு 4 முதல் 6 கிராம் நீற்றிய சுண்ணாம்பைக் கரைத்து, வைக்கோலை 12 முதல் 18 மணி நேரம் மூழ்கவைத்தால், காரத்தன்மை (pH) 12-க்கு மேல் ஏறி பூசண வித்துகள் சாகும். பிறகு வடியவிட்டு வித்திடலாம், கழுவ வேண்டாம். இதில்தான் புதியவர்கள் ஏமாறுகிறார்கள், நானும் ஏமாந்தேன். சுண்ணாம்பு என்ற ஒரே பெயரில் பல பொருள்கள் விற்கின்றன. நமக்கு வேண்டியது கால்சியம் ஹைட்ராக்சைடு, அதுவும் மக்னீசியம் குறைவானது. வயலுக்குப் போடும் சுண்ணாம்புக்கல் தூள் கால்சியம் கார்பனேட்; அதை எவ்வளவு கொட்டினாலும் காரம் ஏறாது. நான் வாங்கியது அதைத்தான். விலை குறைவு என்று சந்தோஷப்பட்ட நான்காம் வாரம் ஆறு பையும் பச்சை. நீற்றாத சுட்ட சுண்ணாம்பு நீரில் பட்டதும் கொதிக்கும், அதைத் தொடாதீர்கள். சரியான சுண்ணாம்பிலும் பிரிந்து கிடந்த பழைய மூட்டை வேண்டாம். காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்து அது மெல்ல மெல்லக் கார்பனேட்டாக மாறிவிடும். கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள். தோலைப் புண்ணாக்கும், கண்ணில் பட்டால் ஆபத்து.

தவிடு சேர்த்த மரத்தூளுக்கு இவை இரண்டும் போதாது. தவிடு மகசூலைக் கூட்டும், பூசணத்தையும் கூட்டும். 15 பவுண்டு அழுத்தத்தில், 121 டிகிரியில் ஒன்றரை மணி நேரமாவது குக்கரில் வேக வேண்டும். ஆகவே குக்கர் வாங்கப் போகும் முன், தவிடு சேர்க்கும் ஆசையைக் கைவிடுங்கள். செலவு அங்கேயே நின்றுவிடும்.

ஈரம் பார்க்க எந்தக் கருவியும் வேண்டாம். வடிந்த வைக்கோலைக் கைப்பிடி எடுத்து இறுக்கிப் பிழியுங்கள். ஓரிரு துளி வந்தால் சரி. ஒழுகினால் இன்னும் வடியட்டும். ஒரு துளியும் வராவிட்டால் தெளியுங்கள். முதல் படுக்கையில் பெரும்பாலோர் செய்யும் பிழை ஈரம் அதிகமாக விடுவதுதான்.

படி 5: பை, வாளி

வெந்நீரிலோ சுண்ணாம்பிலோ சுத்தப்படுத்திய வைக்கோலை அடைக்க, இரு பக்கமும் திறந்த சாதாரணப் பாலிதீன் குழாய்ப் பை போதும். 30 செ.மீ. அகலம், 60 செ.மீ. நீளம் கையாள வசதி. வடிகட்டி ஒட்டிய விலை கூடிய பைகள் குக்கரில் வேகவைக்கும் மரத்தூளுக்கானவை. குக்கரில் வைப்பதானால் பாலிபுரோப்பிலீன் பைதான், பாலிதீன் உருகிவிடும்.

வாளி ஒருமுறை கிடைத்தால் பல ஆண்டு உழைக்கும், குப்பையும் இல்லை. அடியில் முக்கோணத்துக்குள் 2 அல்லது 5 என்று எண் அச்சிட்டிருக்கும் வாளிகளாகப் பாருங்கள். எண்ணெய், மாவு, இனிப்பு போன்ற உணவு வந்தவை மட்டும். சாயமோ பூச்சிமருந்தோ இருந்தது என்றால் எவ்வளவு கழுவினாலும் வேண்டாம். பக்கவாட்டில் ஒரு சாண் இடைவெளியில் 6 முதல் 8 மி.மீ. துளைகள் போடுங்கள். அடியிலும் நீர் வடிய இரண்டு மூன்று.

துளைகளை அடைக்க விலை கூடிய வடிகட்டி வட்டங்களைத் தேட வேண்டாம். மருந்துக்கடையில் காயத்துக்கு ஒட்ட விற்கும் காகித நாடா காற்றை விடும், தூசியை நிறுத்தும்.

படி 6: கைச்சுத்தம்

70 விழுக்காடு ஸ்பிரிட் ஒரு புட்டி. 95 விழுக்காட்டைவிட இது நன்றாக வேலை செய்யும். நீர் கலந்திருப்பதால் மெதுவாக ஆவியாகி, கிருமிக்குள் இறங்க நேரம் கிடைக்கிறது. 95 விழுக்காட்டுச் சரக்கு மலிவாகக் கிடைத்தால் மூன்று பங்குக்கு ஒரு பங்கு கொதித்து ஆறிய நீர் கலந்துகொள்ளுங்கள். அடுப்பு எரியும் இடத்தில் தெளிக்காதீர்கள்.

வைக்கோல் படுக்கைக்குச் சோதனைக்கூடச் சுத்தம் தேவையில்லை. மேசையைத் துடைத்து, கையைக் கழுவி, மின்விசிறியை நிறுத்தி, ஜன்னலைச் சாத்தினால் போதும். பிற்பாடு வித்தைப் பெருக்கும் நாள் வந்தால், ஒளி ஊடுருவும் பெரிய பிளாஸ்டிக் பெட்டியைக் கவிழ்த்துப் பக்கத்தில் கை நுழையும் இரண்டு வட்டம் வெட்டிக்கொள்ளுங்கள். காற்றசையாத பெட்டி தயார். வடிகட்டிய காற்றை ஊதும் எந்திரத்துக்குக் காசு சேர்த்துக்கொண்டிருந்த ஒரு நண்பருக்கு இதைச் செய்து கொடுத்தேன். எந்திரத்தை அவர் இன்னும் வாங்கவில்லை.

முகக்கவசத்தில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். முதிர்ந்த சிப்பிக் காளான் ஏராளமாக வித்துத்தூள் உதிர்க்கும். மூடிய அறையில் அதைத் தொடர்ந்து சுவாசித்தால் இருமலும் ஒவ்வாமையும் வரும். குடையின் விளிம்பு கீழ்நோக்கி வளைந்திருக்கும்போதே, தட்டையாக விரியும் முன் பறித்துவிட்டால் தொல்லை பாதி குறையும்.

படி 7: ஈரமும் காற்றும் வெளிச்சமும்

இரண்டு மூன்று பைக்கு ஈரப்பதமூட்டி எதற்கு? ஒரு கைத்தெளிப்பான், கூடாரம் போலத் தொங்கவிட ஒரு பழைய பிளாஸ்டிக் விரிப்பு, ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தடவை தெளிக்க ஒரு ஆள். ஈரப்பதம் 80 முதல் 95 விழுக்காட்டில் இருக்க வேண்டும். மொட்டுகள் ஓரம் காய்ந்து விரிசல் விட்டால் குறைவு, பழுப்பாகி வழவழத்தால் அதிகம். ஈரப்பதமானி வாங்குவது உங்கள் விருப்பம். என்னிடம் இருப்பது பேட்டரி தீர்ந்து இரண்டு ஆண்டாகிறது.

கூடாரத்தின் அடியைத் திறந்து வையுங்கள். காம்பு நீண்டு குடை சிறுத்து வந்தால் கரியமில வாயு தேங்குகிறது என்று பொருள். விளக்கு வாங்க வேண்டாம், செய்தித்தாள் படிக்கும் அளவு வெளிச்சம் விழுந்தால் போதும்.

வாங்கும் வரிசை

எதை முதலில் வாங்குவது என்பதும் செலவைக் குறைக்கும். நான் இப்போது கடைப்பிடிப்பது இது:

1. வைக்கோலைக் கொண்டுவந்து காய்ந்த இடத்தில் வைத்தல்.
2. வாளிகள், பழைய ஐஸ்பெட்டி. இவற்றைச் சாவகாசமாக விசாரித்துச் சேர்க்கலாம். ஒரு மாதம் ஆனாலும் பரவாயில்லை.
3. பை, காகித நாடா, ஸ்பிரிட், முகக்கவசம், கையுறை.
4. சமையல் எடைக்கருவி, வெப்பமானி. வீட்டில் இல்லாவிட்டால் இரவல்.
5. வித்து இல்லாமல் ஒரு ஒத்திகை. இரண்டு கைப்பிடி வைக்கோலை வேகவைத்து, வடித்து, பிழிந்து பார்ப்பது. எவ்வளவு நேரம் பிடிக்கிறது, பாத்திரம் போதுமா என்று அன்று தெரிந்துவிடும்.
6. கடைசியாக வித்து. அது வந்த மூன்று நாளுக்குள் படுக்கை.

வளர்ப்புப் பெட்டி என்று தயாராக விற்கிறார்களே, அதை வாங்கலாமா என்று கேட்பார்கள். கிலோ கணக்கில் பார்த்தால் காளான் வாங்க அதுதான் மிக விலை கூடிய வழி. ஆனால் மொட்டு எப்படி வரும், பறிக்கும் பதம் எது என்று ஒருமுறை கண்ணால் பார்க்க வேண்டும் என்பவர்கள் ஒன்று வாங்கிப் பார்க்கட்டும். இரண்டாவது வாங்காதீர்கள்.

ஒரு சிறு நோட்டு போடுங்கள். பைக்கு எத்தனை கிலோ காய்ந்த வைக்கோல், எவ்வளவு வித்து, எத்தனை கிராம் பறித்தீர்கள் என்று எழுதுங்கள். ஒரு கிலோ காய்ந்த வைக்கோலுக்கு ஒரு கிலோ புதுக் காளான் வந்தால் அதை நூறு விழுக்காடு என்று கணக்கிடுவார்கள். தொடக்கத்தில் பாதி வந்தாலே தட்டிக்கொடுத்துக்கொள்ளலாம். பெரும்பங்கு முதல் இரண்டு அறுவடையிலேயே வந்துவிடும். மூன்றாவதுக்குப் பிறகு பையை வைத்திருப்பது இடத்துக்கும் நேரத்துக்கும் நட்டம், ஈக்களும் வரத் தொடங்கும். பையில் நீங்கள் போடாத வேறு காளான் முளைத்தாலும், குறிப்பாக மெலிந்து நின்று மை போலக் கறுத்துக் கரைவது, அதைப் பறித்து எறியுங்கள். வைக்கோலில் அது சகஜம், ஆனால் சமைக்கப் பார்க்காதீர்கள்.

ஓய்ந்த படுக்கையைப் பிரித்துச் செடிகளின் அடியில் மூடாக்காகப் போடலாம், மண்புழுவுக்குக் கொடுக்கலாம். சுண்ணாம்பில் ஊறிய வைக்கோல் என்றால் சில வாரம் வெளியில் குவித்து வைத்துவிட்டுப் போடுங்கள். பச்சை பிடித்த பையை மட்டும் வளர்ப்பறைக்குள் பிரிக்காதீர்கள். வாயைக் கட்டி, அப்படியே தூக்கி, வீட்டிலிருந்து தள்ளிக் கொண்டுபோய்ப் பிரியுங்கள். நான் முதல்முறை அறைக்குள்ளேயே பிரித்துப் பார்த்தேன், எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்ள. அடுத்த இரண்டு சுற்றும் அதே பச்சை.